படம் பார்த்த நாட்கள்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

இரவு மெய்யழகன், இரண்டாம் முறை. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் சென்னைக்குப் போய்விட்ட குடும்பம். பல வருடங்கள் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழியிடம் ஒருவன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவனுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். இந்தச் சின்ன முடிச்சை நம்பியே முழுப் படத்தையும் எடுத்த பிரேம்குமாரின் துணிச்சல் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் பந்தியில் கையைப் பிடித்து "நான் யாரென்று சொல், பார்ப்போம்" என்று மடக்குகிறவர்களிடம் மாட்டியவர்களுக்கு அருள்மொழியாக வரும் அரவிந்த் சாமியின் திருதிரு முழி நன்றாகவே புரியும்.

மேடையில் தங்கைக்குக் கொலுசு மாட்டிவிடும் காட்சியில் இந்த முறையும் அழுதேன். ஆனால் படத்தில் அவர்கள் இருவரின் இரவுப் பேச்சு நீளம்தான். வெளியான சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டியது சரி என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொலைக்காட்சியில் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் (2000). நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீட்டை ராஜீவ் மேனன் அழகாகத்தான் காட்டுகிறார். அப்பத்தாவின் கவலை வளவு என்னும் உள்முற்றத்தைப் பற்றி: "இத்தனை பெரிய வளவை யார் கூட்டிப் பெருக்குகிறார்கள்?"

உயில் மாமா பெயருக்குப் போனதும் தாயும் பெண்களும் வெளியேறுகிறார்கள். ஒரே உயிலில் கதை முடிந்துவிடுகிறது! இங்கே பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்றவே முடியும். அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் மழைநீர் சொட்டி, ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வெளுத்துக் கிடக்கிறது. சாவி சிங்கப்பூரில். அந்த வீட்டைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

கொட்டுக்காளி. பின்னணி இசையே இல்லை. ஆட்டோ இரைச்சலும் சூரியின் கரகரத்த குரலும் போதுமென்று வினோத்ராஜ் விட்டுவிட்டார். வழியை மறித்து நிற்கும் காளையைப் பார்த்து மீசைக்காரர்கள் தயங்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். பத்து வசனம் செய்ய வேண்டிய வேலை அது. எங்கள் வீட்டு அத்தான் அதற்கு முன்பே தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பொருத்தமாக நாம் இருவர். ஏவி.எம். காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு எடுத்த படம். 1947 ஜனவரியில் வெளிவந்தது. நாடு விடுதலை பெற ஏழு மாதம் இருக்கும்போதே குமாரி கமலா பாரதியார் பாட்டுக்குச் சுதந்திரம் அடைந்துவிட்டதாக ஆடுகிறார். கதை பழசாகிவிட்டது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாட்டு வரும்போது மட்டும் அப்பத்தா பணியாரச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லப்பர் பந்து. வருங்கால மாமனாரும் மருமகனும் கிரிக்கெட் மைதானத்தில் முறைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரியும். தினேஷின் வீறாப்பு முழுதாகப் புரிந்தது. மட்டையைப் பிடித்தால் புலி, மனைவி சுவாசிகா முறைத்தால் பூனை. கைபேசியை எடுக்காமல் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த படம் இந்த மாதத்தில் இது ஒன்றுதான். அத்தான் கூட விழித்திருந்தார்.