ஆதாரம் கேட்ட அக்கா மகனோடு தில்லைக்கு

என் கணவருக்கு, இவருக்கு, பைபாஸ் நடந்த அன்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடி, "கூட்டி வந்து உன் முன்னால் நிறுத்துகிறேன்" என்று தில்லை என்கிற சிதம்பரத்து நடராஜரிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கடன் இப்போதுதான் தீர்ந்தது. துணைக்கு வந்த அக்கா மகன் காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"ஆபரேஷன் பண்ணினது டாக்டர். நன்றி மட்டும் நடராஜருக்கா சித்தி?"

"டாக்டருக்கும் சொல்லியாச்சுப்பா" என்றேன். அவன் விடவில்லை. அதே வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் வீடு திரும்பவில்லை. "அந்த அம்மா வேண்டினது என்ன ஆச்சு?" என்றான். என்னிடம் பதில் கிடையாது. இவர் பிழைத்ததை ஆதாரமாக நீட்டினால், அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வதாக ஆகும்? அதனால் யாரிடமும் நீட்டுவதில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். வாசலில் ஒருவர், "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். அவரிடமிருந்து தப்பி உள்ளே போனால் ஒரே தள்ளுமுள்ளு. இவரை யாராவது இடித்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே இல்லை. சட்டையைக் கழற்றியிருந்தார், மார்பின் நடுவே தழும்பு நீளமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த ஒரு பெரியவர், ஒன்றுமே கேட்காமல், பின்னால் தள்ளியவர்களை முதுகால் தாங்கிக்கொண்டு இவரை முன்னால் விட்டார்.

இரண்டாம் கால பூஜை. மாணிக்கக் கல்லால் ஆன நடராஜர் திருமேனியான ரத்தினசபாபதிக்கு அபிஷேகம் முடிந்து முன்பக்கம் தீபாராதனை காட்டியபோது திருமேனி கருஞ்சிவப்பாக இருந்தது. கற்பூரம் பின்பக்கம் போனதும், அப்பா! உள்ளிருந்தே கனல் எழுந்ததுபோல் அத்தனையும் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. மாணிக்கக் கல்லில் வெளிச்சம் ஊடுருவினால் அப்படித்தான் தெரியும், அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணில் நீர் நிற்கவில்லை. கேட்க வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மா நன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அப்புறம் சிதம்பர ரகசியம். திரை விலகியதும் தங்க வில்வ மாலைகள், உருவம் கிடையாது. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலமல்லவா! இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றார். பையன் மட்டும் கையைக் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தோணலை சித்தி."

"சரி" என்றேன். எனக்குள் நடந்ததை அவனுக்குள் எடுத்து வைக்க முடியுமா என்ன? எனக்காகக் கும்பிடுவதுபோல் நடிக்காமல் இருந்தானே, அதுவே பிடித்திருந்தது.

அதே கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவித்து, பிராகாரம் சுற்றி வந்தோம். மூச்சு வாங்கவில்லை இவருக்கு! என் அப்பனே, நடராஜா, இதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? ஆனால் இவர் கேட்கிறார்: மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கும் வரவேண்டுமாம். அந்தக் கூட்டத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போகத்தான் போகிறோம். காரை நானே ஓட்டுகிறேன் என்று பையன் இப்போதே சொல்லிவிட்டான்.