அந்த ஐந்து பேர்

நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணியின் கணக்கு ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. ஆறு வெற்றி இருந்தால்தான் வழக்கமாகப் பருவ முடிவில் ‘பௌல்’ எனப்படும் சிறப்பு ஆட்டம் ஒன்றில் இடம் கிடைக்கும். மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார் என்று மின்னஞ்சல் வந்தது. நான் அப்போது முந்தைய நாள் ஆட்டத்தின் காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவற்றைப் பார்க்க இனி யார் வரப்போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தும் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து அணியில், காணொளிப் பிரிவில் பணிபுரிகிறேன். கால்பந்து என்றதும் நாம் அறிந்த ஆட்டத்தை நினைக்க வேண்டாம். இது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் கடக்க வேண்டும். கணினி அறிவியல் முதுகலை படிக்க வந்தவன், பகுதிநேர வேலையாகப் பயிற்சிகளைப் படம்பிடிக்கச் சேர்ந்தேன். படிப்பு முடிந்த பிறகும் அந்த அறையை விட்டு வர மனம் இல்லை.

ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு கோணங்களில் எடுக்கிறோம். ஒன்று மைதானத்தின் பக்கவாட்டிலிருந்து, மற்றொன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்திலிருந்து. பயிற்சி நாட்களில் தூக்கி மேடையில் ஏறி நிற்போம். 2010இல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில், பலத்த காற்றில் அப்படியொரு மேடை சாய்ந்து, படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவர் உயிரிழந்தார். காற்றின் வேகத்தை அளந்து பார்க்காமல் என் மாணவர்களில் எவரையும் நான் இன்றுவரை மேலே ஏற்றியதில்லை.

தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே ஓடும். நாங்கள் பார்ப்பது இருபத்திரண்டு பேரையும். பின்கோணத்தில் தெரியும் அந்த ஐந்து பேரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் எதிரணியினர் அவனை வீழ்த்திவிடாமல் காக்கும் சுவர் இவர்கள். இவர்கள் பந்தைத் தொடுவது அரிது. சென்டர் மட்டும்தான் தொடுகிறான், அதுவும் பின்னால் தள்ளிவிடுவதற்காக. இவர்கள் பெயர் அரங்கில் ஒலிப்பது பெரும்பாலும் நடுவர் தவறு அறிவிக்கும்போதுதான்.

பருவம் முடிந்ததும் எங்கள் அணியை நாங்களே வேவு பார்ப்போம். பன்னிரண்டு ஆட்டங்களில் எங்கள் தாக்குதல் அணி ஆடிய ஏறத்தாழ 800 ஸ்னாப்களையும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் தருவதில் தொடங்கும் ஒவ்வொரு முயற்சியையும், ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதுவேன். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம், யார் எங்கே நின்றார்கள், என்ன நடந்தது. இந்த வேலையில் முகத்தில் அறையும் உண்மைகள் கிடைக்கும். எங்கள் இடது கார்டு, ஓட்ட ஆட்டம் என்றால் தரையில் ஊன்றிய கைவிரல்களில் எடையை அழுத்துவான். எறி ஆட்டம் என்றால் எடை குதிகாலுக்குப் போய்விடும். எதிரே குந்தியிருப்பவன் அந்த விரல்களைப் பார்த்தாலே போதும், அடுத்து வரப்போவதை அறிந்துகொள்வான். இதை நான் செப்டம்பரிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். டிசம்பரில்தான் கண்டேன். அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

அதைவிடப் பெரிய உண்மை வேறொன்று. எங்கள் குவார்ட்டர்பேக் அந்தப் பருவத்தில் 34 முறை வீழ்த்தப்பட்டான். அவற்றில் 19 முறை, எங்கள் ஆள் எவனும் வலிமையில் தோற்கவில்லை. எதிரணியின் இருவர் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மாறி ஓடினார்கள். எங்கள் கார்டும் டாக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ளத் தவறினார்கள். இருவரும் ஒருவனையே துரத்த, மற்றவன் திறந்த வாசல் வழியே நுழைந்தான். இதைத் திருத்த அதிக பளு தூக்கிப் பயனில்லை. பக்கத்தில் நிற்பவன் அடுத்த கணம் என்ன செய்வான் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பரில் வந்த புதிய தலைமைப் பயிற்சியாளர் தாக்குதலையும் தடுப்பையும் வகுக்கும் தன் ஒருங்கிணைப்பாளர்களை அழைத்து வந்தார். பழைய உதவிப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக மேசையைக் காலி செய்தார்கள். ஒருவரை மட்டும் அவர் விடவில்லை: அந்த ஐந்து பேருக்கும் கற்றுக்கொடுக்கும் முன்வரிசைப் பயிற்சியாளர். முதல் வாரம் புதிய தலைமைப் பயிற்சியாளர் என் அறைக்கு வந்து, அந்த 34 காட்சிகளையும் பின்கோணத்தில் போடச் சொன்னார். இரண்டு முறை முழுதாகப் பார்த்தார். “இவர் கற்றுக்கொடுத்தது இதில் தெரிகிறது. பையன்களுக்கு நேரம்தான் போதவில்லை” என்றார். அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த குவார்ட்டர்பேக்கைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு இவரைத் தக்கவைத்ததுதான்.

பயிற்சியாளரை மாற்றினால் அணி மாறிவிடும் என்பதற்கு இண்டியானா பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்றிருந்த அணி, கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டிலேயே 11 ஆட்டங்களில் வென்று, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது உண்மைதான். ஆனால் அவர் தனியாக வரவில்லை. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் ஆடிய வீரர்கள் பலரையும் உதவியாளர்களையும் கூடவே அழைத்து வந்தார். ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருந்த ஒரு கூட்டம் இடம்பெயர்ந்தது. அந்தக் கதையில் நான் கவனிப்பது இதைத்தான்.

இன்றைய கல்லூரி ஆட்டத்தில் சேர்ந்திருப்பதே கடினம். 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் மாற்றல் பதிவேடு வந்தது. 2021 முதல் இடம் மாறும் வீரன் ஓராண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலையில் தன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமையும் கிடைத்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். இதற்காக எந்தப் பையனையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் முழங்கால்களை அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உடம்பால் வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

ஆனாலும் ஜனவரி 2 முதல் 16 வரை, அந்தப் பதிவேட்டில் பெயர் பதிய வாசல் திறந்திருந்த நாட்களில், நான் சரியாக உறங்கவில்லை. எங்கள் ஐவரில் இருவருக்குக் கல்லூரி அணியில் ஆடும் தகுதிக்காலம் முடிந்துவிட்டது. இடது டாக்கிளுக்கு வேறிடத்திலிருந்து அழைப்பு இருந்தது. முன்வரிசைப் பயிற்சியாளர் என்னிடம் ஒரு தொகுப்புக் கேட்டார். அவனுடைய சிறந்த காட்சிகள் வேண்டாம். அவன் முதலாண்டில் வந்த முதல் வாரத்தின் பயிற்சிக் காட்சிகளும், சென்ற நவம்பரின் காட்சிகளும் அடுத்தடுத்து வர வேண்டும் என்றார். முதல் வாரத்தில் அந்தப் பையன் தன் காலே தடுக்கி விழுகிறான். அதை அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் போகவில்லை.

இந்த ஆண்டு ஏப்ரலில் இரண்டாவது வாசல் இல்லை. முன்பெல்லாம் வசந்தகாலப் பயிற்சியில் ஒருவனைச் செதுக்கி முடிக்கும்போது அவன் கிளம்பிவிடுவான். இப்போது அந்த 15 பயிற்சி நாட்களும் அணிக்கே சேர்கின்றன. முன்வரிசைப் பயிற்சியாளர் முதல் நான்கு நாட்கள் மோதலே வைக்கவில்லை. கார்டையும் டாக்கிளையும் முழங்கை உரச நிறுத்தி, எதிரே இருவரை மெதுவாகக் குறுக்கே நடக்கவிட்டார். “போகிறவன்மேல் கை, வருகிறவன்மேல் கண்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நூறு முறை, இருநூறு முறை. மேடையில் நின்று படம்பிடித்த மாணவி, வேறு ஏதாவது எடுக்கட்டுமா என்று வாக்கிடாக்கியில் கேட்டாள். இதையே எடு என்றேன்.

அடுத்த பருவம் எப்படி இருக்கும் என்றால், செப்டம்பரில் நாங்கள் தடுமாறுவோம் என்றே நினைக்கிறேன். இரண்டு இடங்களில் புது ஆட்கள். ஒருவன் வெளியிலிருந்து வந்தவன், மற்றவன் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவன். முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டு வெளியூரில். அந்தக் கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. 2024 முதல் பயிற்சியாளர் அவன் தலைக்கவசத்துக்குள் பேசலாம். முன்வரிசைக்கு அந்த வசதி இல்லை, சென்டரின் தலையசைப்பைத்தான் நம்ப வேண்டும். அக்டோபர் நடுவில் அவர்கள் ஒரே உடம்பாக நகரத் தொடங்குவார்கள். ஏழு வெற்றி என்பது என் கணக்கு. செப்டம்பர் தோல்விகளைக் கண்டு யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

பதினான்காவது பயிற்சி நாளின் காட்சிகளை இரவு ஒன்பது மணிக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முயற்சி, எட்டு கெஜம். எதிரே இருவர் கத்தரிக்கோலாய் மாறினார்கள். இடது கார்டு தன் ஆளை ஒரு கையால் தள்ளி டாக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, பார்வையை ஏற்கெனவே திருப்பியிருந்தான். வருகிறவன் நேராக அவன் மார்பில் வந்து மோதி நின்றான். பந்து எறியப்பட்டது. ஸ்னாப்புக்கு முன் கார்டின் கையை உருப்பெருக்கிப் பார்த்தேன். விரல்கள் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. துண்டை வெட்டி முன்வரிசைப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “பின்கோணத்திலும் அனுப்பு.”