51 இருந்தும் எச்சரிக்கை வரல

நேத்து நைட்டு அக்கா பையனுக்கு ஆக்டேவ்னு கணக்கு போடுற ப்ரோக்ராமிங் மொழிய சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், காசு குடுத்து வாங்குற மேட்லேப் மாதிரியேதான் ஆனா இலவசம். நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி அணை மொத்தம் 52 அடி இல்லையா, அதனால பயிற்சிக்கு 47, 49, 51, 50.5னு நாலு நாள் நீர்மட்டத்த நாங்களா ஒரு வெக்டர்ல, அதாவது எண்களோட வரிசையில போட்டோம், 50க்கு மேல போனா எச்சரிக்கை காட்டுன்னு இஃப் (if) வெச்சு எழுதினான். ரன் பண்ணா ஒண்ணுமே வரல, எர்ரரும் இல்ல. "மாமா 51 இருக்கே, அப்புறம் ஏன்?"னு முழிக்கிறான்.

இஃப்புக்கு முழு வெக்டர குடுத்தா அதுல எல்லாமே உண்மையா இருந்தாதான் உள்ள போகும், ஒண்ணு பொய்யானாலும் தாண்டிப் போயிடும். ஒரு நாள் தாண்டினாலே சொல்லணும்னா எனி (any)னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, கண்டிஷன அதுக்குள்ள வைக்கணும். எந்தெந்த நாள்னு வேணும்னா ஃபைண்டு (find) ஃபங்ஷன் போதும், இஃப்பே வேணாம், 3, 4னு வந்துச்சு. பைத்தான் மொழியில எண் வரிசைக்கு இருக்குற நம்பை (NumPy) லைப்ரரி இந்த எடத்துல எர்ரர் குடுத்து நிறுத்திடும், எனக்கு அதுதான் சரின்னு படுது, அணை விஷயத்துல சத்தமில்லாம தப்பா போனா எவ்ளோ ஆபத்து.

அப்புறம் இஃப்ல அடுத்த கண்டிஷன் வைக்குற எல்ஸ்இஃப்ப (elseif) சேத்தே எழுதுங்க, பிரிச்சா உள்ள தனி இஃப்பா ஆயி, அத முடிக்க இன்னொரு எண்டு (end) கேக்கும்.