இடப்பக்க நாற்காலி

நான் படிப்பது ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி. கிளீவ்லாந்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். என் பாடம் கணிதம். எஃப்-1 விசாவில் வந்தவர்கள் கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது இசைத் துறை அலுவலகத்தில் ஒரு வேலை. நாற்காலி அடுக்குவது, நிகழ்ச்சி நிரலை அச்சடித்து மடிப்பது, அரங்கைத் திறந்து பூட்டுவது, இதெல்லாம்தான் முதலில்.

கல்லூரியில் வருடா வருடம் பியானோ ரிசைட்டல் (கச்சேரி) தொடர் ஒன்று நடக்கிறது. அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று நான்கு மாலைகள். வெளியூரிலிருந்து கலைஞர்கள் வருவார்கள், ஊர்க்காரர்களுக்கு அனுமதி இலவசம். சென்ற பிப்ரவரி ரிசைட்டலில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிப்பதாக இருந்தது. வாசிப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கமாக இசைத்தாளின் பக்கம் திருப்பும் மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். "உங்களில் யாருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரியும்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஐந்து கோடுகளில் எழுதும் அந்த மேற்கத்திய இசைக்குறிப்பு எனக்குத் தெரிந்தது பாளையங்கோட்டையில். எங்கள் அத்தை சி.எஸ்.ஐ. கோயிலில் ஆர்கன் வாசிப்பார்கள். எனக்கு ஏழெட்டு வயதிலிருந்தே அத்தையின் பக்கத்தில் நின்று பாமாலைப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்புவதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை. மேலே ஓடும் மின்விசிறி தானாகவே பக்கங்களைப் புரட்டிவிடும் என்பதால், துணிக்கிளிப்பு போட்டு வைப்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் கிளிப்பைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். திருப்பத் திருப்ப நொட்டேஷன் தானாகப் பழகிப்போனது.

அன்றிரவு அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். "ஏல, பக்கம் திருப்புறதுக்கா துட்டு குடுக்காவ? இங்க உனக்கு ஒரு கடலமிட்டாய்தானல குடுத்தேன்" என்றார்கள். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கையைத் தூக்கியவுடன் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பியானோ பேராசிரியர் ஒரு சோதனை வைத்தார். இசையமைப்பாளர் செசார் ஃப்ராங்க் 1886-இல் எழுதிய வயலின் சொனாட்டாவின் இரண்டாவது பகுதியை எடுத்து, பியானோ பாகத்தை மட்டும் முழு வேகத்தில் வாசித்தார். அந்தப் பாகம் எத்தனை கடினம் என்பது பியானோ வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் இரண்டு இடத்தில் பிந்திவிட்டேன். அவர் நிறுத்தாமல் மனப்பாடமாகவே வாசித்துக் கடந்தார். முடித்ததும் திட்டவில்லை. "நீங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்கக் கூடாது, வாசிக்க வேண்டும்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். வாசிப்பவரின் கண், விரலுக்கு ஒன்றிரண்டு பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாள அளவு) முன்னால் ஓடுகிறது. காதில் விழுவது ஏற்கெனவே முடிந்துபோனது. காதை நம்பித் திருப்பினால் எப்போதும் தாமதம்தான். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து நின்று, மூலையைப் பிடித்து, அவர் கண் இருக்கும் இடத்தில் என் கண்ணும் இருக்க வேண்டும். இசை அழகாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அப்போது கண் நின்றுவிடுகிறது. இரண்டு வாரம் தினமும் மாலையில் யாராவது மாணவர் பயிற்சி செய்யும் அறைக்குப் போய், அனுமதி கேட்டு, பக்கம் திருப்பிக் கொடுத்துப் பழகினேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மற்ற விதிகளும் உண்டு. நாற்காலி வாசிப்பவரின் இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி. எழும்போது கிரீச்சிடாத நாற்காலியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இடது கையால் மட்டும், வலப்பக்கத் தாளின் மேல் மூலையைப் பிடிக்க வேண்டும். கீழ் மூலையைத் தொட்டால் கை வாசிப்பவரின் முகத்துக்கும் கட்டைகளுக்கும் நடுவில் வந்துவிடும். கைக்கடிகாரம், மோதிரம், தொங்கும் சட்டைக்கை எதுவும் கூடாது. வாசனைத் திரவியம் கூடாது. காலால் தாளம் போடக் கூடாது (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது). திருப்பிய பிறகு தாள் பின்னோக்கி வராமல் ஒரு கணம் அழுத்திவிட்டு உட்கார வேண்டும். கைதட்டும்போது எழுந்து வணங்கக் கூடாது, அது நமக்கான கைதட்டல் இல்லை.

தனியாக வாசிக்கும் ரிசைட்டலில் பெரும்பாலும் இந்த ஆளே தேவைப்படுவதில்லை. லண்டனில் 1840 ஜூன் 9 அன்று பியானோ கலைஞர் லிஸ்ட் நடத்திய கச்சேரிக்குத்தான் 'ரிசைட்டல்' என்ற பெயர் முதலில் போடப்பட்டது. அவரும் இன்னொரு பியானோ கலைஞரான கிளாரா ஷூமனும் மனப்பாடமாக வாசித்ததிலிருந்து அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. ஆனால் சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்தர் மாதிரி பெரியவர் கடைசிக் காலத்தில் இருட்டு அரங்கில் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு ஸ்கோரை (இசைத்தாளை) பார்த்தே வாசித்தார். இப்போது பலர் ஐபேடில் ஸ்கோரை வைத்து, கால் பெடலை அழுத்திப் பக்கம் மாற்றிக்கொள்கிறார்கள். நான்கு கை வாசிப்புக்கு அது அவ்வளவாக ஒத்துவருவதில்லை. திரை சின்னது, உட்காருகிறவர்கள் இரண்டு பேர், கால்களுக்கும் இடமில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி முழுக்க ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட், அதுவும் எல்லாமே 1828-இல் எழுதியவை. முதல் பாதியில் மனைவி தனியாக பி-ஃப்ளாட் சொனாட்டா, டி. 960 (ஷூபர்ட் படைப்புகளின் பட்டியல் எண்). இடைவேளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஏ மேஜர் ரோண்டோ, கடைசியில் எஃப் மைனர் ஃபான்டசி, டி. 940. அந்த வருடம் நவம்பர் 19 அன்று ஷூபர்ட் இறந்துபோனார். வயது 31. இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தேதிகளைப் பார்த்தால், ஒரு மனிதனால் ஒரே வருடத்தில் இவ்வளவும் முடியுமா என்றுதான் தோன்றுகிறது. நிரலை அச்சடிக்கும்போது 1828, 1828, 1828 என்று மூன்று முறை தட்டச்சு செய்த எனக்கே அந்தக் கேள்வி பல நாள் மனதில் கிடந்தது.

நான்கு கை ஸ்கோரின் அமைப்பு வேறு. இடப்பக்கம் முழுக்கக் கீழ்ஸ்தாயி வாசிப்பவருக்கு, வலப்பக்கம் முழுக்க மேல்ஸ்தாயி வாசிப்பவருக்கு. கீழே வாசிப்பவரை செகண்டோ என்றும் மேலே வாசிப்பவரை பிரிமோ என்றும் சொல்வார்கள். ஒரு தாளைத் திருப்பினால் இருவருக்கும் ஒரே நேரத்தில் பக்கம் மாறிவிடும். ஆக, இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரே ஒரு கணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நான் உட்காருவது இடப்பக்கம், செகண்டோவை ஒட்டி. பிடிக்க வேண்டிய மூலை இருப்பதோ தூரத்தில், பிரிமோவுக்கு எதிரே. வலப்பக்கம் போய் நிற்கலாமே என்று கேட்டேன். பியானோவின் வலப்பக்கம்தான் பார்வையாளர்கள் இருக்கிறார்கள், நான் அங்கே நின்றால் இருவரையும் மறைத்துவிடுவேன் என்றார் பேராசிரியர். சரி, கையை நீட்டிப் பழக வேண்டியதுதான்.

ரிசைட்டலுக்கு முந்தைய நாள் ஒத்திகை. வெளியே முழங்கால் அளவு பனி. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் கட்டடத்துக்குள் காற்று அப்படியே காய்ந்துபோகும். அரங்கின் ஈரப்பத மானி 24 சதவீதம் காட்டியது. பியானோவுக்கு 40-லிருந்து 50 வரை இருந்தால் நல்லது என்பார்கள். எங்களிடம் இருப்பது ஒன்பது அடி நீள கான்சர்ட் கிராண்ட். உள்ளே இருநூற்றுச் சொச்சம் தந்திகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். அந்தத் தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பெருக்கும் பலகை, ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆன சவுண்ட்போர்டு. காற்று காய்ந்தால் அந்த மரம் சுருங்கி, அதன் மேல்வளைவு தாழ்ந்து, தந்தியின் இறுக்கம் குறைந்து சுருதி இறங்கிவிடும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்காது. நடு ஸ்தாயிதான் அதிகம் இறங்கும். சுருதி சேர்ப்பவர் ஒத்திகை நாள் காலையிலும் ரிசைட்டல் அன்று மதியமும் வந்தார், இடைவேளையில் பத்து நிமிடம் மறுபடி. ஒரே ஸ்வரத்துக்கான மூன்று தந்திகளில் இரண்டை ஃபெல்ட் துணியால் அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் தட்டித் தட்டிக் கேட்டுச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இரண்டு நாளும் அரங்கில் அதிக வேலை பார்த்தவர் அவர்தான்.

காய்ந்த காற்று என்னையும் பிடித்தது. ஃபான்டசியின் நடுவே, ஸ்கெர்ட்சோ பகுதியில், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பிவிட்டன. ஸ்கெர்ட்சோ பறக்கிற வேகம். நான் பதறி ஒரு தாளைத் திரும்ப இழுக்க, மற்றதும் கூடவே வந்தது. இருவரும் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. கணவர் என்னைப் பார்த்து, "இன்று நடந்தது நல்லது. நாளை இது நடக்காது" என்றார். பிறகு ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளின் மூலையையும் ஒன்றை முன்பக்கமாக, அடுத்ததைப் பின்பக்கமாக என்று மாற்றி மாற்றி மடித்தார். மூலைகள் ஒன்றோடொன்று சேராது, விரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்படும். பக்கம் திருப்பப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முந்தின நாளே ஸ்கோரைக் கேட்டு வாங்கி மூலைகளை மடித்து வையுங்கள். குளிர்காலமாக இருந்தால் விரல் நுனியில் துளி கிளிசரின் தடவிக்கொள்ளுங்கள், எச்சில் வேண்டாம்.

இருவரில் யாரைப் பார்த்துத் திருப்புவது என்பதிலும் ஒரு பேச்சு ஓடியது. மனைவி தான் தலையசைப்பதாகச் சொன்னார். கணவர், "நீ அசைப்பது இசைக்காகவா தாளுக்காகவா என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கடைசியில் முடிவானது இது: யாரையும் பார்க்க வேண்டாம், தாளையே பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் எந்த பார் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். சில இடங்களில் கோடு பக்கம் முடிவதற்கு மூன்று பார் முன்பே இருந்தது. அந்த மூன்றும் அவர்களுக்கு மனப்பாடம், அடுத்த பக்கத்தின் முதல் வரிதான் கண்ணில் பட வேண்டும்.

அப்புறம் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. ஃபான்டசியின் முடிவில் ஒரு ஃப்யூக் வருகிறது. நான்கு கைகளும் ஒன்றை ஒன்று துரத்தி, ஏறி ஏறி, உச்சியில் போய் நின்றுவிடும். ஒரு பார் முழுக்க மௌனம். அதன் பிறகு, இருபது நிமிடத்துக்கு முன் ஆரம்பத்தில் கேட்ட அதே மெட்டு மெதுவாகத் திரும்பி வரும். அவர்களிடம் இருந்த பிரதியில் கடைசித் திருப்பம் சரியாக அந்த மௌனத்தை ஒட்டி விழுந்தது. எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் அந்த அமைதியில் தாள் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். முன்னால் திருப்பினால் ஃப்யூக்கின் உச்சி பார்வையிலிருந்து போய்விடும். ஐந்தாறு முறை முயன்றோம். பிறகு மனைவி, "கடைசிப் பக்கங்களை நகல் எடுத்து ஒட்டிவிடலாம்" என்றார். அலுவலகத்துக்கு ஓடி நகல் எடுத்து வந்தேன். இருவருக்கும் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, புத்தகத்தின் இரு ஓரங்களிலும் சிறகு மாதிரி டேப் போட்டு ஒட்டினோம். ஃப்யூக்கின் நடுவில், சத்தம் அதிகமாக இருக்கும்போதே, சிறகுகளை விரித்துவிட்டால் போதும். அதன் பிறகு எனக்கு வேலையே கிடையாது.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முதல் பாதியில் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று சொனாட்டாவைக் கேட்டேன். தொடங்கிச் சில பார்களிலேயே, அடியாழத்தில், இடக்கையில் ஒரு சின்ன நடுக்கம் வரும். தூரத்து இடி மாதிரி. காகிதத்தில் அது ஒரு ட்ரில் குறி (இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி வேகமாக வாசிக்கச் சொல்வது), அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் விட்ட இடைவெளியில் அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

இடைவேளை முடிந்து அவர்களுக்குப் பின்னால் நடந்து போய் உட்கார்ந்தேன். ரோண்டோ சிக்கலில்லாமல் போனது. ஃபான்டசியில் மொத்தம் பதினாறு திருப்பம் இருந்தன. ஆரம்ப மெட்டு எப்படி ஒலித்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நான் இரண்டு பார் முன்னால் இருந்தேன். மெதுவான லார்கோ பகுதியும் ஸ்கெர்ட்சோவும் எஃப் மைனரிலிருந்து அரை ஸ்வரம் ஏறி எஃப்-ஷார்ப் மைனரில் நிற்கும். அந்த மாற்றம் கேட்பவர்களுக்குத் தரை நகர்ந்த மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அது தாளில் மாறிய ஷார்ப் குறிகள் மட்டும்தான். முந்தின நாள் ஒட்டிக்கொண்ட தாள் விரலில் தனியாகத் தட்டுப்பட்டது, திரும்பியது. பன்னிரண்டு, பதின்மூன்று. ஃப்யூக் வந்தது. எழுந்தேன். பென்சில் கோடு. இடச் சிறகு, வலச் சிறகு. உட்கார்ந்தேன்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். திருப்ப ஒன்றும் மிச்சமில்லை. உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சத்தம் நாற்காலியின் கால் வழியாக என் முதுகில் ஏறியது. நின்றது. அந்த ஒரு பார் மௌனத்தில் கணவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, அவர் பெடலிலிருந்து காலை எடுத்து மறுபடி வைப்பது கேட்டது. பிறகு அந்த மெட்டு. சி-யிலிருந்து எஃப்-க்கு ஒரு சின்னத் தாவல். இரண்டு வாரமாக என் கண் முன்னால் கிடந்த அந்த மெட்டை நான் அப்போதுதான் கேட்டேன்.

அன்றிரவு அங்கே பதினொரு மணி, பாளையங்கோட்டையில் காலை ஒன்பதரை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாப்பது வருஷமா வாசிக்கேன். பாட்ட நான் கேட்டதே இல்லல" என்றார்கள்.

ஜூலையில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசிப்பதாகவும் அத்தை கீழே பெஞ்சில் உட்காருவதாகவும் பேசி வைத்திருக்கிறோம். பாமாலையின் மூலைகளை இப்போதே மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.