தலையில் கட்டும் சொல்

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. இரவு ஷிஃப்ட். ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவதுதான் வேலை. ஒரு நாள் பக்கம் முடிக்கும் நேரத்தில் கோர்ட் செய்தி வந்தது. போலீஸார் தன் மீது கஞ்சா வழக்கை ‘ஃபாய்ஸ்ட்’ (foist) செய்துவிட்டதாக ஒருவர் மனு போட்டிருந்தார். அகராதியைப் புரட்டப் பொழுதில்லை. ‘கஞ்சா வழக்கு பதிவு செய்ததாக மனுவில் கூறியுள்ளார்’ என்று எழுதித் தள்ளிவிட்டேன்.

சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், கூப்பிட்டார். “தம்பி, வழக்கு பதிவு பண்ணாங்கன்னு சொல்லவா அந்த ஆள் கோர்ட்டுக்குப் போனான்? பண்ணாத குத்தத்தைத் தலையில கட்டிட்டாங்கன்னுதானே போனான்?” அவரே ‘பொய் வழக்கு போட்டதாக’ என்று திருத்தினார்.

சரி, கற்றுக்கொண்டோம் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அதே மாதிரி இன்னொரு மனு. இந்த முறை தலைப்பிலேயே ‘பொய் வழக்கு போட்ட போலீஸ்’ என்று வீரமாக எழுதினேன். அதற்கும் திட்டு. பொய் என்று சொன்னது மனுதாரர்தான், நீதிபதி இன்னும் சொல்லவில்லையே! தீர்ப்பைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் சொல் அது. யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், தீர்ப்பு சொன்னது நாமாகிவிடுகிறோம். இதில் வேடிக்கை, நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஃபாய்ஸ்ட்’ என்றாலே பக்கத்தில் வழக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் போடுவது, புனைவது, ஜோடிப்பது என்று விதவிதமாகச் சொல்வதற்கெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அந்த ஒன்றே போதும்.

அப்புறம் ஓய்வாக அகராதி பார்த்தேன். 16ஆம் நூற்றாண்டில் சூதாட்டக்காரர்களிடமிருந்து வந்த சொல்லாம். கள்ளப் பகடையை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்து, சமயம் பார்த்து ஆட்டத்தில் நுழைப்பது. கைமுஷ்டிக்கான டச்சுச் சொல்லோடு உறவு என்கிறார்கள். அதைப் படித்ததும்தான், வழக்கு அல்லாத இடங்களில் அந்தச் சொல்லை அதுவரை ‘திணிப்பது’ என்றே நான் எழுதிவந்தது ஏன் உறுத்தியது என்று புரிந்தது. திணிப்பில் ஒளிவுமறைவு இல்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது அரசாணை போட்டுத்தான். அதனால்தான் எதிர்த்துத் தெருவில் இறங்க முடிந்தது. அது ‘இம்போஸ்’ (impose). வைப்புத்தொகை போட வந்த பெரியவரிடம், “இதுவும் டெபாசிட் மாதிரிதான் ஐயா” என்று காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதுதான் ‘ஃபாய்ஸ்ட்’. கொடுப்பவனுக்குச் சரக்கின் லட்சணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ‘தலையில் கட்டுவது’ என்று சீஃப் சப் யோசிக்காமல் சொன்னதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருக்கு அந்தக் கலை செயலிலும் கைவந்திருந்தது. ஒரு நாள் தோளில் கைபோட்டு, “உனக்கு எழுத்து நல்லா வருதுப்பா. ஞாயிற்றுக்கிழமை ராசிபலன் பக்கத்தை இனிமே நீயே பாரு” என்றார். பாராட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்துக்கு ஆள் கிடைக்காமல் ஆறு மாதமாக அவர் அலைந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. நான்கு வருடம் பார்த்தேன். மேஷத்துக்கான பலனே மீனத்துக்கும் அச்சாகிப்போன வாரத்தில்தான் அது என் தலையிலிருந்து இறங்கியது.