சுண்டு: நாள் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்

விடியற்காலை 4.10. ஒரு நிமிடம் 50 விநாடி.

மார்ச் 4, இரவு

எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. என் நாய் சுண்டுவுக்கு வலிப்பு. முதலில் கேட்பது நகம் தரையைக் கீறும் சத்தம். விளக்கைப் போடுவதற்குள் நாலு காலும் விறைத்துவிட்டது. அப்புறம் படுத்த வாக்கிலேயே நீந்துகிற மாதிரி அடித்துக்கொண்டான். பல் கடகடவென்று மோதுகிறது. போன தடவை நாக்கை இழுத்துவிடலாம் என்று வாய்க்குள் கையை விட்டு டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இந்த முறை தலைக்கு அடியில் ஒரு போர்வையைத் தள்ளிவிட்டுப் போனில் நேரத்தை மட்டும் பார்த்தேன். 5 நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாண்டவில்லை.

அடங்கிய பிறகு நடப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. கண் திறந்திருந்தது, பாவை கறுப்பாக விரிந்து கிடந்தது, பார்வை இல்லை. சுவரில் முட்டி முட்டி, கதவுக்குப் பின்னால் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உறுமினான். நாலு வருஷத்தில் என்னைப் பார்த்து உறுமியது இதுதான் முதல் தடவை.

இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து ஒரு கிண்ணம் தண்ணீரைக் காலி செய்தான்.

மார்ச் 6, வியாழன்

மாத்திரை ஆரம்பம். ஃபினோபார்பிட்டோன், காலை 8, இரவு 8. ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் இப்படித் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் பிடிபடாத வலிப்புதானாம். "ரத்தத்துல அளவு நிலைக்கு வர ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள இன்னொண்ணு வந்தாலும் பதறாதீங்க. எது வேணாலும் பண்ணுங்க, மாத்திரைய மட்டும் நீங்களா குறைக்காதீங்க, நிறுத்தாதீங்க." கடைசி வரியை மூன்று தடவை சொன்னார். என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறதோ.

மார்ச் 9

பின்னங்கால் பின்னுகிறது. குடிகாரன் நடை.

மார்ச் 14, வெள்ளி

இன்னொன்று. 2 நிமிடம் 5. வலிப்பில்லாத நாள் கணக்கு மறுபடி பூஜ்யம்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா ஜெயித்துவிட்டாள். ஹோமியோபதிக்குப் போய் வந்தோம்.

அந்த சார் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். இதுவரை சுண்டுவைப் பற்றி என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலில் படுப்பானா, குளிர்ந்த தரையைத் தேடுவானா? எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவான்? தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்குவானா, ஒரே மூச்சிலா? இடிச் சத்தத்துக்குப் பயமா? பொறாமை உண்டா? வலிப்பு வருவதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது துக்கம் நடந்ததா?

கடைசிக் கேள்விக்கு அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

பெல்லடோனா 200. காரணத்தைக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். பெல்லடோனாச் செடியைத் தின்றால் பாவை விரியும், உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும். ஆரோக்கியமானவனுக்கு எது அந்தக் குறிகளை உண்டாக்குமோ, நுண்ணிய அளவில் அதுவே அந்தக் குறிகள் உள்ளவனுக்கு மருந்து. கண் டாக்டர் பாவை விரிய விடும் அட்ரோபின் சொட்டும் அந்தச் செடியில் இருப்பதுதான். அந்தக் கறுப்புப் பாவை ஞாபகம் வந்தது. ஒரு கணம் எல்லாம் பொருந்திவிட்ட மாதிரி இருந்தது.

"இங்கிலீஷ் மருந்த நிறுத்தணுமா சார்?" என்று அக்காதான் கேட்டாள். "வேண்டாம்மா, அது பாட்டுக்கு அது போகட்டும்."

இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 17

200 என்றால் என்ன என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பங்கு சாறு, 99 பங்கு ஆல்கஹால், நன்றாகக் குலுக்கு. அதிலிருந்து ஒரு பங்கு, மறுபடி 99. இப்படி 200 தடவை. ஒன்றுக்குப் பின்னால் 400 பூஜ்யம். அவகாட்ரோ எண்ணுக்கு, அதாவது ஒரு மோல் பொருளில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு, 24 இலக்கம்தான். ஆகப் பன்னிரண்டாவது குலுக்கலைத் தாண்டும்போதே செடியின் கடைசி மூலக்கூறும் போய்விடுகிறது. மிச்சமுள்ள 188 குலுக்கலும் வெறும் ஆல்கஹாலுக்கு.

ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனைக் குறை சொல்ல முடியாது. அவர் 1843இல் இறந்துவிட்டார். மூலக்கூறின் அளவை லோஷ்மிட் என்ற விஞ்ஞானி முதன்முதலாகக் கணக்கிட்டதே 1865இல்தான். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அக்காவுக்குப் பூஜ்யங்களை அனுப்பினேன். "அதான் வீரியம்" என்று பதில் வந்தது.

மார்ச் 19

நாள் 5. உருண்டையைக் கையால் தொடக் கூடாதாம். மூடியில் நாலைத் தட்டி, உதட்டைத் தூக்கி உள்ளே கவிழ்க்க வேண்டும். மூன்று உள்ளே போகிறது, ஒன்று மீசையில் ஒட்டிக்கொள்கிறது. அதையும் நாக்கைச் சுழற்றி எடுத்துவிடுகிறான். சர்க்கரைதானே. மாத்திரை டப்பாவை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன் குப்பி குலுங்கினால் எங்கிருந்தாலும் வந்து நிற்கிறான்.

மார்ச் 27

நாள் 13.

ஏப்ரல் 2, புதன்

நாள் 19. ஒரே ஒரு யோசனை நாள் முழுக்க விடவில்லை. இந்த மருத்துவம் நோயாளியின் வார்த்தையில் நிற்கிறது. தலை பிளக்கிறது, காற்று பட்டால் எரிகிறது, அழுகை வருகிறது என்று அவன் சொல்லச் சொல்ல மருந்து மாறும். சுண்டு ஒன்றும் சொல்லவில்லையே. வெயில் பிடிக்கும், பொறாமைக்காரன், இடிக்குப் பயப்படுவான் எல்லாம் நான் சொன்னது. குளிர்ந்த தரையில் படுப்பதும் நான்தான். அப்படியானால் பெல்லடோனா யாருக்கு எழுதப்பட்டது?

ஹானிமனே விலங்குகளைப் பற்றி ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேசியிருக்கிறாராம். பேச முடியாத நோயாளி பொய் சொல்ல மாட்டான் என்பது அவர்கள் பக்க வாதம். சரி, அவனுக்காகப் பேசுகிறவன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

30!! அக்கா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், என்னை அல்ல, அவனை.

ஏப்ரல் 15

டாக்டரம்மாவிடம் உருண்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். 2010இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னார். வலிப்பு நாய்களுக்கான மருந்துச் சோதனைகளில், மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய 28 நாய்களை மட்டும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். அதில் 22 நாய்களுக்கு வலிப்பு குறைந்திருக்கிறது. எட்டு நாய்களுக்குப் பாதிக்கும் கீழே போயிருக்கிறது.

"நாய்க்குத் தெரியுமா அது போலின்னு?"

"தெரியாது. நோய் ஏறும் இறங்கும். உச்சத்துல இருக்கறப்பதான் எல்லாரும் ஓடி வர்றீங்க. அதுக்கப்புறம் இறக்கம்தானே? அப்ப கையில எது இருக்கோ அதுக்குப் பேர் கிடைக்குது."

நான் மார்ச் 14ஆம் தேதி பூஜ்யத்தில் இருந்தேன், 16ஆம் தேதி குப்பி வந்தது. மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் என்றால் மார்ச் 20. எல்லாம் ஒரே வாரத்தில்.

ஏப்ரல் 16

அப்படியென்றால் மாத்திரைக்கும் அதே கதைதானே. இதை நான் அவரிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 22

நாள் 39. மாத்திரையால் எடை கூடிவிட்டது. எந்நேரமும் தாகம், எந்நேரமும் பசி. பந்தை எறிந்தால் பந்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், படுத்துக்கொள்கிறான். கல்லீரலை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றார்களே. பழைய வீடியோ ஒன்றில் இவன் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டுகிறான். ஐந்து தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 26, சனி

நாள் 43. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்கிறது என்று ஒருநாளும் தெரியாது.

ஏப்ரல் 29

பந்தை எடுத்து வந்தான்!

மே 2, வெள்ளி

நாள் 49. டப்பாவில் 12 இருக்க வேண்டும். 15 இருக்கிறது.

மே 5

நடை நேராகிவிட்டது. அக்கா, "பாத்தியா" என்றாள். பார்த்தேன்.

மே 8

நாள் 55.

மே 11, ஞாயிறு

10.40. 2 நிமிடம் 20.
12.15. 3 நிமிடம்.
1.05. நிற்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

மே 12, திங்கள்

உள்ளே வைத்திருக்கிறார்கள். நரம்பில் மருந்து ஏறுகிறது, ஊசி குத்த முன்னங்காலில் ஒரு பட்டை அளவு முடியை மழித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பு. எனக்குத் தெரியாது. நாலு வருஷம் தடவிக் கொடுத்த கால்.

"மாத்திரை தவறிச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ரத்தம் எடுத்தார்கள். அளவு வரும்போது தெரிந்துவிடும்.

அக்கா நடைபாதையில் உட்கார்ந்து அந்த சாருக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள். நோய் அடங்குவதற்கு முன் ஒருமுறை கூடிக் காட்டும் என்று அவர் சொல்வார், அவரைத் திட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். குறைந்தால் மருந்தின் வேலை, கூடினாலும் மருந்தின் வேலை, ஒன்றும் நடக்காவிட்டால் வேறு மருந்து என்று ஒரு முழு வாக்குவாதமே தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "பழைய மாத்திரைய யாராவது குறைச்சீங்களாம்மா?"

மே 13

அக்கா இதைப் படிக்கிறாள். படிக்கட்டும்.

ஏப்ரல் 26லிருந்து இரவு பாதி மாத்திரை. மே 5லிருந்து இரவு மாத்திரை இல்லை. யாரும் சொல்லவில்லை. 400 பூஜ்யங்களை எழுதிப் போட்டவன், இரண்டில் ஒன்றை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விஞ்ஞானமாக யோசித்தவன், நிறுத்துவதற்கு எதைத் தேர்ந்தெடுத்தேன்? உருண்டையை நிறுத்த ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. குப்பிச் சத்தத்துக்கு ஓடி வருகிறானே, அதை எப்படி நிறுத்துவது என்றுதான் இருந்தது.

மே 14

ரத்தத்தில் மருந்தின் அளவு 15க்கும் கீழே. போதாத அளவு. டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எண்ணின் கீழே பேனாவால் ஒரு கோடு மட்டும் போட்டார்.

மே 15

வீட்டுக்கு வந்துவிட்டான். கதவுக்குப் பின்னால் மூலையைப் போய் மோந்து பார்த்தான்.

மே 16

அக்கா பேசவில்லை. சமையலறையில் குப்பியை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 20

நாள் 9. டப்பாவில் 42. சரியாக இருக்கிறது. பின்னங்கால் பின்னுகிறது. மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் நானும் தவழ்ந்து போய்க் கொடுத்தேன்.

மே 22

நாள் 11. 38. மேல் தட்டைத் துடைக்கும்போது குப்பி உருண்டது. வந்து நின்றான், வாயைத் திறந்துகொண்டு.