வராது, வரமாட்டான்

ஒரு ஜப்பானியத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியபோது ஒரு வரியை மாற்றிக் கொடுத்தேன்; எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் பஸ் ஸ்டாப்பில் யாராவது ‘இனி வராதுங்க’ என்று சொன்னால் எனக்கு ஏழாவது எபிசோட்தான் ஞாபகம் வருகிறது.

பாலத்தின் மேல் அந்தப் பெண் நிற்கிறாள். உள்ளங்கையில் வெள்ளைக் காகித பொம்மை, இடுப்புப் பக்கம் லேசாகக் கிழிந்தது. ஆறு எபிசோடாக அவள் கூப்பிட்டதும் எழுந்து ஆளாகி ‘உத்தரவு’ என்று தலை குனிந்த ஷிகிகாமி (மந்திரத்தால் ஏவி வேலை வாங்கப்படும் ஆவி), இந்த முறை எழவில்லை. மூன்று தடவை கூப்பிடுகிறாள். அப்புறம் ‘மோ கொனாய்’ என்கிறாள். வசனம் அவ்வளவுதான். யார் என்று அதில் இல்லை, ஆணா பெண்ணா, ஆளா பொருளா என்றும் இல்லை. ஜப்பானிய மொழிக்கு அந்தச் சௌகரியம் உண்டு. எங்களுக்கு வந்த ஆங்கில டெம்ப்ளேட்டில் ‘இட்’ போட்டிருந்தார்கள். நான் ‘இனி வரமாட்டான்’ என்று எழுதினேன்.

அதுவரை நானே ‘அது’ என்றுதான் எழுதியிருந்தேன். ‘அதை அனுப்பு’, ‘அது பார்த்துக்கொள்ளும்’. உறுத்தவே இல்லை. இந்த இடத்தில் மட்டும் ‘வராது’ என்று தட்டச்சு செய்யக் கை வரவில்லை. தண்ணீர் வராது, கரண்ட் வராது, தூக்கம் வராது. வர முடியாமல் போனதும், வரக்கூடாது என்று முடிவெடுத்ததும் அந்த ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும். மாட்டேன் என்பதற்கு ஒரு மனசு வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் சரிபார்ப்பவர் போன் செய்தார். இந்த வேலையில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர்.

“ஏம்மா, ஆறு எபிசோடா அது. ஏழாவதுல அவனா?”

“இந்த இடத்துல அதுக்கு இஷ்டம் இல்ல சார். மறுக்குது.”

“நீயே மறுக்குதுன்னுதானே சொல்றே.”

எனக்குக் காது சூடானது. ஜப்பானிய மொழியில் உயிருள்ளது இருந்தால் ‘இரு’, உயிரற்றது இருந்தால் ‘அரு’ என்று வேறு வேறு வினை, இந்தத் தொடரில் ஷிகிகாமிக்கு எப்போதும் ‘இரு’தான் என்று எடுத்துவிட்டேன். நாய்க்கும் அதே ‘இரு’தானே என்றார். உண்மைதான். மாட்டேன் என்பதற்கு மனசு வேண்டாமா என்றேன். “என் ஸ்கூட்டர்கூடத்தான் காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.” இரண்டு பேருமே சிரித்தோம். அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சிரிப்பு அடங்கினதும் சொன்னார்: “சொன்னதைச் செஞ்ச வரைக்கும் அது. மாட்டேன்னதும் அவன். அப்போ சொன்னதைக் கேட்டு வேலை செய்யறவங்க எல்லாம் என்னம்மா திணை?”

“சரி சார், மாத்திடறேன்” என்றேன்.

மாற்றியது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். முந்தைய ஆறு எபிசோடும் கைவிட்டுப் போயிருந்தன. நடுவில் திணை மாறினால் பார்க்கிறவர்கள் பிழை என்றுதான் நினைப்பார்கள். அதோடு ‘அது’ ஒன்றும் இழிவில்லை. குழந்தை தூங்குகிறது என்கிறோம், தெய்வம் வந்தது என்கிறோம். இப்படிச் சொல்லிச் சமாதானமாகிவிட்டு, சமையலறையில் நிற்கும்போது இன்னொன்று தோன்றும்: குழந்தையையும் தெய்வத்தையும் யாரும் ஏவி வேலை வாங்குவதில்லையே. நன்னூல் மக்கள், தேவர், நரகர் என்று மூன்று பேரை உயர்திணையில் வைத்தது. காகிதத்திலிருந்து எழுந்தவருக்கு அதில் எந்த இடம் என்று எனக்குப் புரியவில்லை.

சாரின் கேள்வியையும் பல தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். ‘அவன்’ வேண்டாம் என்பதற்காகக் கேட்டாரா, முதல் எபிசோடிலிருந்தே ‘அவன்’ போட்டிருக்க வேண்டும் என்பதற்காகவா? இரண்டாவதுதான் என்றால் நான் மாற்றியது நேர் எதிர்ப்பக்கம். கேட்டிருக்கலாம். அன்று மாலை ஆறு மணிக்குக் கெடு.

அப்புறம் பழைய கதைகளைத் தேடிப் போனேன். ஷிகிகாமி என்றாலே எல்லாரும் அபே நோ செய்மெய்யிடம்தான் போய் நிற்பார்கள். கியோட்டோ அரசவையில் இருந்த ஒன்மியோஜி, அதாவது சோதிடமும் மாந்திரீகமும் தெரிந்தவர்; 921 முதல் 1005 வரை வாழ்ந்தவர். அவருடைய ஷிகிகாமிகளின் முகத்தைப் பார்த்து மனைவி பயந்ததால், அவற்றை இச்சிஜோ மொதோரிபாஷி பாலத்துக்கு அடியில் வைத்தாராம். மொதோரிபாஷி என்றால் திரும்பி வரும் பாலம். கொன்ஜாகு மோனோகதாரிஷூ என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்பில் இன்னொரு கதை. செய்மெய்யைச் சோதிக்க ஒரு கிழவர் இரண்டு சிறுவர்களோடு வருகிறார். அவர்கள் ஷிகிகாமிகள் என்று கண்டுகொண்ட செய்மெய், சத்தமில்லாமல் அவர்களை மறைத்துவிடுகிறார். கிழவர் திரும்பி வந்து கெஞ்ச, அவை ஓடி வருகின்றன. ஷிகிகாமியை ஏவுவது பெரிய காரியமில்லை, அடுத்தவர் ஷிகிகாமியை மறைப்பது தம்மால் ஆகாது என்று சொல்லிச் சீடராகிவிடுகிறார் கிழவர். கதை முழுக்க வித்தையைப் பற்றித்தான். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. (‘அவர்கள்’, ‘அவை’, மறுபடி ‘அவர்கள்’. திருத்தப் போய் விட்டுவிட்டேன்.)

அப்படிப் பார்த்தால் ஷிகிகாமிக்குத் தனிப் பெயர், கோபம், மாட்டேன் என்கிற துணிச்சல் எல்லாம் இன்றைய கதாசிரியர்கள் கொடுத்தவை. அவர்கள் கொடுத்ததன் மேல் நானும் ஒரு விகுதி போடப் பார்த்தேன். அது என் வேலையா? இல்லை என்றுதான் வேலை ஒப்பந்தம் சொல்லும்.

பதினோராவது எபிசோடில் அதே பாலம், மழை. யாரும் கூப்பிடாமலே ஷிகிகாமி வந்து நிற்கிறது. அவள் திரும்பிப் பார்த்து ‘கிதா’ என்கிறாள். முறைப்படி ‘வந்துவிட்டது’ என்று போட வேண்டும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘வந்தாச்சு’ என்று எழுதி அனுப்பினேன்.

கோப்பு திரும்பி வந்தபோது சார் இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தியிருந்தார். அந்த வரியில் ஒன்றும் இல்லை.